சிவப்புக் கோஸுக்கு நான் சேர்த்த இரண்டு வரி

1

இந்தக் கதை ஒரு காலி இடத்தில் பிறந்தது. அழகுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே பக்கத்தில் இடம் காலி.

என் பெயர் ஜோஸ்லின். படித்தது வணிகவியல். ஒடுகத்தூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார இதழுக்குச் சாப்பாடும் உடல்நலமும் பற்றி வாரம் ஒரு பக்கம் எழுதுகிறேன். போன ஆடியில் சிவப்பு முட்டைக்கோஸ். வைட்டமின் சி இருக்கிறது, கே இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது. ஊதா நிறம் தரும் ஆந்தோசயனின் உடம்புக்கு நல்லது. தோலுக்கும் இதெல்லாம் வேண்டும். இதுவரை பொய் இல்லை. பக்கம் அமைப்பவர் போன் செய்தார்.

"மேடம், கீழ ரெண்டு வரி காலியா நிக்குது."

டீ ஆறிக்கொண்டிருந்தது. யோசிக்காமல் சொன்னேன்: 'தோலில் உள்ள வெளிறிய திட்டுகள்கூட மெல்ல மறையும். விடாமல் சாப்பிடுவதே முக்கியம்.'

இதை எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். எங்கேயும் படிக்கவில்லை.

2

'ஜவ்வாது மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் ரேணுகாதேவி தன் கையை...'

வேண்டாம். பனியைக் காட்டி உங்களை மயக்கிவிட்டு நான் நழுவிவிடுவேன். வேறு மாதிரி தொடங்குகிறேன்.

ரேணுகாதேவிக்கு முப்பத்திரண்டு வயது. ஜமுனாமரத்தூர் தாண்டி உள்ளே ஒரு ஊர். வீட்டில் சாமை போடுகிறார்கள், புளியும் உண்டு. இடது முன்கையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெளிறிய திட்டு. தேமல் என்று விட்டிருந்தாள். மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பில் என் பக்கம் வந்தது. சிவப்புக் கோஸுக்கு மலையில் எங்கே போவது? ஒடுகத்தூரிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வரும் ராஜாக்கண்ணுவிடம் சொல்லிவைத்தாள்.

(அவளை நான் பார்த்ததே இல்லை. எனவே அவள் எப்படி நிற்பாள், எப்படிச் சிரிப்பாள் என்றெல்லாம் எழுத மாட்டேன். கற்பனை செய்து ஒருமுறை கெடுத்தது போதும்.)

3

ஐப்பசியில் அவளே கூப்பிட்டாள். பக்கத்தின் கீழே என் எண் இருக்கும்.

"கோஸு பத்தி எழுதுனது நீங்கதானுங்களா மேடம்? கைல இருக்குற திட்டுக்குத்தான் சாப்புடுறேனுங்க. வேக வச்சா ஒரு மாதிரி நீலமா பூடுச்சுங்க. இன்னாடா இது, கெட்டுப்போச்சான்னு பயந்துட்டேன். எங்க வூட்டுப் புளி கொஞ்சம் கரைச்சு ஊத்துனேன். செவசெவன்னு ஆயிடுச்சு. நெறம் திரும்புனா மருந்து புடிச்சிருச்சுன்னு எங்க மாமியா சொல்லும்."

எனக்கு ஒரே பெருமை. புளிப்பு பட்டால் அந்த நிறமி சிவக்கும் என்று பாடம் எடுத்தேன். எந்த அடுப்பில், யார் ஊற்றினாலும் சிவக்கும் என்பதைச் சொன்னேனா? இல்லை.*

"திட்டு எப்படிம்மா இருக்கு?"

"அரிப்பு இல்ல, எரிச்சல் இல்லீங்க. நேத்து சட்டி பட்டு அதே எடத்துல கொப்பளம் வந்துச்சு. வலிக்கவே இல்ல மேடம். உங்க புண்ணியம்."

"ரொம்ப சந்தோஷம்மா. விடாம சாப்பிடுங்க."

* இந்தக் கதையில் அடிக்குறிப்பு தேவைப்படும் ஒரே இடம் இதுதான். ஆனால் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்லியிருக்க வேண்டியதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

4

தையில் தொழுநோய் பற்றி எழுதச் சொன்னார்கள். இந்த முறை ஒழுங்காகப் படித்தேன். வெளிறிய திட்டு, தொட்டாலும் சுட்டாலும் தெரியாது. மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். குணமாகும். ஆனால் நாள் கடத்தினால் நரம்பு போய்விடும், விரல்கள் மடங்கிவிடும். போனது பெரும்பாலும் திரும்பாது.

'வலிக்கவே இல்ல மேடம்.'

அது வேறு ஏதோ திட்டாகவும் இருக்கலாம், நான் டாக்டர் இல்லை. டாக்டர் இல்லை என்பது ஆடியிலேயே எனக்குத் தெரியும்.

மூன்று முறை கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. ஒவ்வொரு முறையும் மனசுக்குள் ஒரு நிம்மதி. இதை எழுத வெட்கமாக இருக்கிறது; எழுதாவிட்டால் இந்தக் கதையே வீண்.

5

முடிவு ஒன்று: பரிசோதித்தார்கள், வெறும் தேமல். (நான் தூங்குவதற்காக எழுதியது.)

முடிவு இரண்டு: மருந்து சாப்பிட்டாள், குணமானாள், என்னை மன்னித்தாள். (இதுவும் அதற்குத்தான்.)

முடிவு மூன்று: நானே பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் கடந்து,

இல்லை, நான் ஏறவில்லை. சந்தைக்கு முந்தின நாள் ஒடுகத்தூரில் ராஜாக்கண்ணு சரக்கு ஏற்றும் இடத்துக்கு மட்டும் போனேன். மூட்டைகளுக்கு மேலே தனியாக ஒரு சிவப்புக் கோஸ்.

"யாருக்குங்க இது?"

"மேல ஒரு பொம்பளைக்கு. வாராவாரம் ஒண்ணு. பாவம், இப்பல்லாம் கைல குடுத்தா நழுவிடுது. பைல போட்டு மாட்டி வுடுண்ணான்னு சொல்லுது."

என் கைப்பையில் ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியின் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு இருந்தது. நோயின் பெயரை எழுதவில்லை. ராஜாக்கண்ணு படித்துவிட்டால் சந்தை முழுக்கப் பரவும், அப்புறம் அவளை யார் பக்கத்தில் சேர்ப்பார்கள்? என் பெயரையும் எண்ணையும் போட்டு, 'கோஸ் போதும். உடனே போய்க் கையைக் காட்டுங்கள்' என்று மட்டும். கோஸோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லி அவரிடம் நீட்டினேன்.

"இன்னா மேடம், கோஸுக்குக் கடுதாசியா?" என்று சிரித்தார்.

6

இன்று சந்தை நாள். எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது. திரையில் அவள் பெயர். அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்: "எதுக்குங்க மேடம் ஆஸ்பத்திரி? நல்லாத்தான இருக்கேன்?"

நோயின் பெயரை நான்தான் சொல்ல வேண்டும். இத்தனை நாள் கடந்தது என்னால் என்பதையும் சேர்த்து.

இங்கே ஒரு முடிவு எழுத எனக்கு வரும், நன்றாகவே வரும். ஆனால் எழுதிவிட்டால் அவள் என்னை நம்பியதுபோல நானும் அதை நம்பிவிடுவேன். கதைக்குள் போனை எடுக்க மாட்டேன். முடிவு வேண்டுமென்றால் உங்களுக்கும் ஒரு முன்கை இருக்கிறது, தொட்டுப் பாருங்கள், தெரிகிறதா என்று.

கீழே இரண்டு வரி காலியாக நிற்கிறது. அது அப்படியே நிற்கட்டும். பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுக்கிறேன்.

"சொல்லும்மா. நான் ஜோஸ்லின்தான்."