நீல விளிம்புத் தட்டு

மவுறீன் மம்மி கேக் கலவையை ஊற்றத் தொடங்கிய பிறகுதான் அது எந்தத் தட்டென்று கவனித்தேன். நீல விளிம்பு வைத்த எனாமல் தட்டு. என் மனைவி சார்மெயின் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு லவ் கேக் சுடுவது அதில்தான். நாளை அவள் இறந்த முதலாம் ஆண்டுப் பூசை. வருகிறவர்களுக்குப் பங்கிடும் கேக்கைத் தன் மகளின் தட்டிலேயே சுட வேண்டுமென்று, மம்மி ரவையும் கஜுப் பருப்பும் சீனிப்பாகில் ஊறிய பூசணி தோசியுமாகக் காலையிலேயே கல்லடியிலிருந்து வந்துவிட்டார்.

தட்டு பின்கொட்டிலில், அமிலப் போத்தல்களுக்குப் பின்னால் இருந்தது. யுரேனியக் கல்லை இடித்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, வடித்து, மஞ்சள் உப்பாக உலர்த்துவது என் பொழுதுபோக்கு. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்த காலத்து ஆசை. சார்மெயின் ஒன்றுதான் கேட்டிருந்தாள். "உங்கட நஞ்சை எங்கயும் காய வைங்க. என்ர குசினிச் சாமானை மட்டும் தொடாதீங்க." அவள் இருந்தவரை தொடவில்லை. போன மாதம் கண்ணாடிக் கிண்ணம் வெடித்தது. கடைக்குப் போக மனம் வரவில்லை. கைக்கு எட்டியது இந்தத் தட்டு.

"கொட்டிலுக்க ஏன் மனே போட்டு வச்ச? ஒரே மஞ்சள். உரஞ்சிக் கழுவினன். ஆம்பிளையள் கறி வச்சா இப்பிடித்தான்."

நான் சிரித்தேன். கழுவியாயிற்று, அடியில் எண்ணெய்த்தாள் இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மம்மி விளிம்பில் வழிந்ததை விரலால் வழித்து நக்கினார்.

"இனிப்புக் காணும். இனிச் சீனி வேணாம்."



அவர் மறுபடி வழித்து என் மகளிடம் நீட்டினார். "றொவீனா, ஆ காட்டு."

அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். பலமாக.

"என்ன மனே?"

"நஞ்சு, மம்மி. அதுலதான் என்ர கல்லுத்தூளைக் காய வச்சன்."

"சார்மெயின்ட தட்டுலயா?"

"ஓம்."

அவர் தட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நான் நக்கக்குள்ள பாத்துக்கொண்டுதானே நிண்ட நீ?"

றொவீனாவை முற்றத்துக்கு அனுப்பினேன். ஜன்னலைச் சாத்தி, புற ஊதா டோர்ச்சைத் தட்டில் அடித்தேன். யுரேனியம் பட்ட இடம் அதில் பச்சையாக மினுங்கும். விளிம்பில் எனாமல் பெயர்ந்த இடத்தில், நூலளவு பச்சை.

டோர்ச்சை அணைக்கப் போனேன்.

"பிடி மனே," என்றார் மம்மி. துடைக்காத விரலை மெல்ல அந்த வெளிச்சத்துக்குள் கொண்டுவந்தார்.