வெட்டிய ஓரம்

அண்ணன் காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணி கேட்டது ஒரே ஒரு உதவிதான்.

"அவரு இடுப்பப் படம் புடிச்சியே, அதுல ஒண்ணு எனக்குக் குடும்மா. போட்டோன்னா மூஞ்சியத் திருப்பிக்குவாரு. உள்ளயாவது பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். தங்கை சரியென்று தலையாட்டினாள்.

இடுப்பு மூட்டுத் தேய்மான ஆராய்ச்சியில் எக்ஸ்ரேக்களை அளப்பது அவள் வேலை. நோயாளிகளோடு ஒப்பிட வலியே இல்லாதவர்களும் வேண்டும். ஆள் குறைந்தபோது அண்ணனை இழுத்து வந்தாள்.

"நம்ம குடும்பத்துல ஒழுங்கா இருக்கறது என் இடுப்பு ஒண்ணுதான். கண்ணு வெச்சுடாத" என்றபடியே மேசையில் படுத்தான்.

அளக்கும்போது கண் அலையக்கூடாது என்று, மூட்டை மட்டும் கட்டம் கட்டி வெட்டிக்கொள்வது அங்கே வழக்கம். அண்ணன் படத்தையும் அப்படித்தான் வெட்டினாள். இடுப்பெலும்பின் கிண்ணத்தில் தொடையெலும்பின் பந்து கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. நலமானவர்கள் வரிசையில் சேர்த்துவிட்டாள்.

அந்த வருடமே எலும்பில் தொடங்கிய புற்று நுரையீரல்வரை போய், அவனைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் முழுப் படத்தைத் திறந்தாள். மூட்டுக்கு மேலே, அவள் வெட்டி எறிந்த பக்கத்தில், செல்லரித்த பலகைபோல ஓர் ஓட்டை.

அண்ணிக்கு வெட்டிய படத்தைக் கொடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை அச்செடுத்து உறையிலும் போட்டாள். பிறகு மனசு கேட்கவில்லை. முழுப் படத்தோடுதான் போனாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். "நான் பாத்தது இந்த மூட்ட மட்டுந்தான் அண்ணி. மேல இருக்கே, அத வெட்டிட்டேன். அன்னைக்கே பாத்திருந்தா..."

அண்ணியின் விரல் அந்த ஓட்டையின்மேல் நின்றது.

"அப்பவே அவருக்கு அங்க வலி இருந்துச்சும்மா. எண்ணெய் தேச்சு விட்டதே நான்தான். வலிக்குதுன்னா நீ சேத்துக்க மாட்டியாமே. 'பாவம், அவளுக்கு ஆள் கொறையுது, நீ வாயத் தொறக்காத'ன்னாரு. நானும் தொறக்கல."

வலி உண்டா என்று அன்று கேட்டவளே தங்கைதான். 'இல்ல' என்று அவன் சொன்னதும், அப்பாடா, ஒரு ஆள் கிடைத்தான் என்று மகிழ்ந்தவளும் அவள்தான்.

"இன்னும் நல்லா இருக்கறவங்க கூடத்தான் அவர வெச்சிருக்கியா?" என்றாள் அண்ணி.

"ஆமா. நாளைக்கு எடுத்துடறேன்."

"நாளைக்கு எதுக்கு? உங்க பெரிய டாக்டருக்கு இப்பவே போன் போடு. நானும் இங்கயே இருக்கேன்."

படத்தை ஒரு கையில் பிடித்தபடியே தங்கை போன் எண்ணை அழுத்தினாள். அண்ணி பக்கத்தில் வந்து அந்தப் படத்தை வாங்கிக்கொண்டாள்.