மஞ்சள் நூல் மடிப்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆவடி பக்கம் எங்கள் சேக்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பேபி என்று பேர் வைத்தவர்கள்தான் பாவம், ஏமாந்துபோனார்கள். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கிறவள் நான். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பொய்யை ஏழு வருஷம் வாயில் அடக்கி வைத்திருந்தேன். அதுவும் கட்டின புருஷனிடம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கங்காதரன் சாருடைய ஷெட்டில் எனக்குத் தையல் வேலை. தினமும் ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்பேன். முதலில் நைட்டி தைத்தோம். தொண்ணூற்றிரண்டில் சார் ஒரு படப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, இனிமேல் இதுதான் வேலை என்றார். வெளிநாட்டில் ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்களாம். ஒருத்தன் கதை சொல்வானாம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம், ஒருத்தன் மந்திரவாதி, ஒருத்தி ராணி, இன்னொருத்தன் திருடன். சண்டை வந்தால் தாயக்கட்டை மாதிரி எதையோ உருட்டி, அடிபட்டானா பிழைத்தானா என்று பார்ப்பார்களாம். ஒரே கதை வருஷக்கணக்காக ஓடுமாம். அந்த வேஷத்துக்கு ஏற்ற உடுப்பு, நகை, கத்தி எல்லாவற்றையும் நாம் யோசித்துச் செய்து அனுப்ப வேண்டும். கூத்தா சார் என்று கேட்டேன். கூத்துக்குப் பார்க்க ஆள் வேண்டும், இதற்கு அதுவும் வேண்டாம் என்றார். வேலை வெட்டி இல்லாத ஜனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. கடுதாசியில் நாலு வரிதான் வரும். இரும்பைத் தொட்டால் சக்தி போய்விடும் சூனியக்காரி என்று ஒருத்தி எழுதினாள். கொக்கி கூடாது, ஜிப் கூடாது, பிரஸ் பட்டன் கூடாது. உடுப்பு முழுக்கக் கயிற்றாலேயே கட்டுகிற மாதிரி காக்கிப் பேப்பரில் வரைந்து வெட்டினேன். திருடன் வேஷம் என்றால் எத்தனை பை, எந்தக் கைக்கு எட்டுகிற மாதிரி என்று பாதி நாள் யோசிப்பேன். கத்தி வேல் எல்லாம் செங்கல்வராயன் அண்ணாத்தே பொறுப்பு. ராணுவ டேங்கு செய்கிற ஆவடி ஃபாக்டரியில் முப்பது வருஷம் லேத் மிஷின் ஓட்டி ரிடையர் ஆனவர். டேங்கு செஞ்ச கையை அட்டைக் கத்தி செய்ய வச்சிட்டாங்க என்று புலம்பிக்கொண்டே, ஒவ்வொரு கைப்பிடியையும் பத்துத் தடவை பிடித்துப் பார்ப்பார். நகையும் அவரே பித்தளையில் அடித்துக் கொடுப்பார்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு வெள்ளைக்கார அம்மாவிடமிருந்து ஆர்டர் வந்தது. அவள் பிள்ளையின் வேஷத்துக்கு. காட்டில் வளர்கிற அனாதைப் பையன், தான் ராஜா வீட்டுப் பிள்ளை என்பது அவனுக்கே தெரியாது. அந்த வேஷத்தின் பேர் என் வாயில் நுழையவில்லை. சின்ன ராசா என்று வைத்துக்கொண்டேன். மார்பு இருபத்தாறு, கை பத்தொன்பது, தோள் பன்னிரண்டரை. அளவு பார்த்துத் தைக்கச் சாக்கில் பஞ்சு அடைத்து, கைகால் வைத்து, ஒரு ஆள்பொம்மை செய்தேன். செய்து நிறுத்திவிட்டு இரண்டடி தள்ளிப்போய்ப் பார்த்தேன். என் கஜபதி நிற்கிற மாதிரியே இருந்தது.

கஜபதி என் ஒரே பிள்ளை. எண்பத்தொன்பதில், புரட்டாசி மாதம் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெளியே போனவன் திரும்பி வரவில்லை. பன்னிரண்டு வயது. காணாமல் போய்விட்டான் என்றுதான் ஊருக்கெல்லாம் தெரியும்.

அந்தப் பொம்மையை முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு வேலை செய்வேன். காலையில் வந்து பார்த்தால் என் மிஷினைப் பார்த்து நிற்கும். இதெல்லாம் என்ன விளையாட்டு என்று செங்கல்வராயன் அண்ணாத்தேயைக் கண்டபடி திட்டினேன். அவர் தன் பேரப்பிள்ளை மேல் சத்தியம் செய்தார். ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் இன்னொன்று. பொம்மைக்கு மாட்டியிருந்த சட்டையில் கை நுனி மட்டும் ஈரமாக இருக்கும். மேலே ஓடு ஒழுகவில்லை, சுவரும் காய்ந்துதான் இருந்தது. மழைக்காலத்தில் ஈரம் இல்லாமலா இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தேன்.

பிள்ளைகள் துணி என்றால் நான் அளவாகத் தைக்க மாட்டேன். கையிலும் கீழ் ஓரத்திலும் இரண்டு விரல் துணியை உள்ளே மடித்து விடுவேன். வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் இன்னொரு வருஷம் ஓடும். நம் பக்கத்தில் எந்தத் தாயும் கேட்பதுதான். பிரிக்கும்போது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அந்த மடிப்புக்கு மட்டும் மஞ்சள் நூல் போடுவேன். சின்ன ராசாவின் பச்சை அங்கிக்கும் கை பழகினபடி மஞ்சள் நூல் மடிப்பு விட்டேன்.

அடுத்த வருஷம் சின்ன ராசா விளையாட்டில் முன்னேறிவிட்டான், போர்வீரன் போடுகிற சங்கிலிச் சட்டையும் மோதிரமும் வேண்டும் என்று கடுதாசி வந்தது. அளவு அதே இருபத்தாறு. அதற்கடுத்த வருஷம் ராஜா வீட்டுப் பிள்ளை என்பது வெளியே தெரிந்துவிட்டது, பட்டு அங்கி, கிரீடம், நீளக் கத்தி. அளவு அதே இருபத்தாறு. எனக்கு எரிச்சல். பெற்றவளுக்குப் பிள்ளை வளர்வது கூடவா தெரியாது, பழைய சீட்டைப் பார்த்து எழுதுகிறாளே என்று திட்டிக்கொண்டே மூன்று விரல் மடிப்பாக விட்டேன்.

எங்கள் வீட்டில் அதற்கு நேர் எதிர். என் வீட்டுக்காரர் துலுக்கானம் ஒரு பெயிண்ட் கம்பெனியில் லோடுமேன். வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் என் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு முனியனிடம் போவார். முனியனும் கஜபதியும் ஒரு வயது, ஒரே வகுப்பு. அந்தப் பையனை நிற்க வைத்து மார்பு, தோள், கை எல்லாம் அளந்துகொண்டு வந்து, நம்மாளு இவ்ளோ இருப்பான், இந்த அளவுக்குத் தைமே என்பார். நானும் தைப்பேன். இருபத்தெட்டு, முப்பது, முப்பத்திரண்டு என்று கொடியில் வரிசையாக ஹேங்கரில் தொங்கும். மின்விசிறி போட்டால் எல்லாம் சேர்ந்து ஆடும். அந்த அறையில் எனக்கு முதுகைக் காட்டிப் படுக்கப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் வீட்டில் தங்க மாட்டார். ஏழு மணி வண்டியைப் பிடித்து சென்ட்ரலுக்குப் போய், பிள்ளையின் போட்டோவை பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு பிளாட்பாரம் பிளாட்பாரமாகக் காட்டுவார். ஒரு தடவை அரக்கோணத்தில் எந்தப் பையனையோ கஜபதி என்று துரத்திக்கொண்டு போய் விழுந்து முட்டி போய்விட்டது. அன்றிலிருந்து காலை இழுத்து இழுத்துத்தான் நடை. தொண்ணூற்றாறில், முனியனுக்கு மீசை முளைத்து அவனும் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, யாரோ ஒரு புண்ணியவான் பம்பாயில் ஒரு ஓட்டலில் கஜபதி சாயலில் ஒருத்தனைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். தீபாவளி கழிந்ததும் வேலையை விட்டுவிட்டுப் பம்பாய்க்கே போய்த் தங்கித் தேடப்போகிறேன் என்று இவர் பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். மொழி தெரியாது, ஆள் தெரியாது, கால் வேறு சரியில்லை. போனால் திரும்பி வர மாட்டார் என்று எனக்குத் தெரிந்துபோனது. போக வேண்டாம் என்றால் ஏன் என்பார். அந்த ஏனுக்குப் பதில் என் ஒருத்தியிடம்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் வெள்ளைக்கார அம்மாவின் நாலாவது கடுதாசி வந்தது. கங்காதரன் சார் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அம்மா எழுதியிருந்தது இதுதான்.

சின்ன ராசாவுக்கு இப்போது தண்ணீருக்கு அடியில் நடக்கிற வரம் கிடைத்திருக்கிறது. ஒரு ஏரிக்கு அடியில் அவனுக்கு ஊர் இருக்கிறது, இனி அங்கேதான் இருப்பான், அதற்கு ஒரு உடுப்பு வேண்டும். அப்புறம் ஒரு விஷயம். நீங்கள் அனுப்பின எல்லா உடுப்பிலும் உள்ளே மஞ்சள் நூலில் ஒரு மடிப்பு இருந்தது, அது எதற்கு என்று வெகு நாளாகப் புரியவில்லை. வளர்கிற பிள்ளைக்கு விடுவது என்று ஒரு இந்தியப் பெண் சொன்னாள். என் பிள்ளை இறந்து நாலு வருஷம் ஆகிறது. அவன் கூட்டாளிகள் சனிக்கிழமை தவறாமல் வருகிறார்கள். அவன் நாற்காலியில் உடுப்பை மாட்டிவிட்டு அவனுக்காக நான் கட்டை உருட்டுகிறேன். அவர்களெல்லாம் பெரியவர்களாகிவிட்டார்கள். இவன் வளர மாட்டான். இந்தத் தடவை தயவுசெய்து மடிப்பு விட வேண்டாம்.

சார் போன பிறகு செங்கல்வராயன் அண்ணாத்தே ஒரு கைப்பிடியை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வேலைப் பேச்சாகத்தான் பேசினார். தண்ணிக்குள்ள கத்திய வீச முடியாது, குத்தத்தான் முடியும், அதனால் குட்டையாக ஒன்று செய்கிறேன் என்றார். தண்ணியில துணி எப்படி இருக்கும் தங்கச்சி என்று கேட்டார். எனக்குத் தெரியும் என்றேன்.

எனக்கு நன்றாகத் தெரியும். கஜபதி போன ஐந்தாம் நாள் காலையில் போலீஸ்காரர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். ஏரியில் ஒரு பையன் கிடைத்திருக்கிறான், வந்து பார்த்துச் சொல்லு என்றார். பிள்ளையைத் திருப்பதிக் கூட்டத்தில் பார்த்ததாக யாரோ சொல்லி, வீட்டுக்காரர் அங்கே போயிருந்தார். நான் தனியாகப் போனேன். முகத்தைப் பார்க்க வேண்டாம்மா, சட்டையைப் பார்த்துச் சொன்னால் போதும் என்றார்கள். ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். நீலக் கட்டம். அந்த மாதிரி நீலக் கட்டம் ஆவடியில் ஆயிரம் பேர் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே கை நுனியைத் திருப்பினேன். உள்ளே இரண்டு விரல் மடிப்பு இருந்தது. துணிச் சாயம் வெளுத்திருந்தது, மஞ்சள் நூல் வெளுக்கவில்லை.

"இது என் தையல் இல்ல சார்" என்றேன்.

தைக்கிறவளே சொல்கிறாள், அப்புறம் யார் என்ன சொல்ல முடியும்? எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஆமாம் என்று சொன்னால் அந்த நிமிஷமே என் பிள்ளை செத்துவிடுவான் என்று இருந்தது. இல்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் இருப்பான். இரண்டு நாள் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். திருப்பதியிலிருந்து மொட்டைத் தலையோடு வந்து இறங்கினவர், பேபி, சாமி கிட்ட சொல்லிட்டேன், எங்கியோ நல்லா கீறான் என்றார். அதற்கு மேல் நான் எப்படிச் சொல்வேன்? பாவி, நான் வாயை மூடிக்கொண்டேன்.

தண்ணீருக்கான அங்கியை ஆறு நாள் தைத்தேன். தண்ணீரில் துணி மேலே எழும்பும், பிள்ளையின் முகத்தை மூடும். அதனால் கீழ் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பித்தளைக் குண்டு கோத்தேன். கழுத்தை இறுக்கக் கூடாது என்று அகலமாக விட்டேன். கை நுனியை மணிக்கட்டோடு முடித்து, நீல நூலில் ஓரம் அடித்தேன். மஞ்சள் நூல் கண்டை எடுத்து டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். பொம்மைக்கு மாட்டினபோது முதல் தடவையாக அதை முகத்துக்கு நேராகப் பார்த்து உட்கார்ந்து அழுதேன். செங்கல்வராயன் அண்ணாத்தே டீ குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார். மறுநாள் காலையில் அது நான் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. கை நுனி காய்ந்திருந்தது.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்காரர் சட்டை ஆகிவிட்டதா என்று கேட்டார். முனியனுக்கு முப்பத்தாறு, நம்மாளுக்கு ஒரு இஞ்ச் கூடவே வையி என்று போன வாரமே சொல்லியிருந்தார். பம்பாய்க்குப் போகும் பை மூலையில் தயாராக இருந்தது. இந்தச் சட்டையைக் கையோடு எடுத்துப் போவதாகத் திட்டம்.

நான் காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரித்தார். நீலக் கட்டம், மார்பு இருபத்தாறு. இன்னாமே இது, சின்னப் புள்ள சட்டையா கீது, துணி மாறிப்போச்சா என்றார். அவருக்கு என் தையல் தெரியும். இருபது வருஷம் நான் வீட்டில் தைத்ததற்கெல்லாம் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக் கொடுத்தவர். விரலைக் கை நுனிக்குள் விட்டுச் சுற்றிலும் தடவினார். கீழ் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் கை நுனிக்கு வந்தார்.

"மடிப்பு எங்கமே?"

"இல்லய்யா. விடல."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். போலீஸ்காரர் வந்தது, தட்டு, நீலக் கட்டம், மஞ்சள் நூல், நான் சொன்ன வார்த்தை. ஏழு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் அவர் முட்டிக்கும் நான்தான் காரணம் என்பதையும் சொன்னேன். என்னை வெட்டிப் போட்டாலும் சரி என்றேன். அவர் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. சட்டையை மடியில் வைத்து, பட்டன் பட்டனாகப் போட்டு, கையை உள்பக்கம் மடித்து, கடையில் மடிக்கிற மாதிரி மடித்தார். கொடியில் தொங்கிய மற்ற சட்டைகளை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். மடித்த சட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"வா, போலாம். புள்ளைய எங்க பொதைச்சாங்க?"

கேட்பாரற்ற பிணம் என்று அவர்களே எங்கேயோ புதைத்துவிட்டார்கள். எந்த இடம் என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. என் பிள்ளையே இல்லை என்று சொன்னவள் அதை எப்படிக் கேட்பேன்?