எர்லிண்டாவின் முறை

பிலிப்பைன்ஸில், சாமர் தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் அந்த ஊரில், புனித அந்திரேயா திருவிழா விருந்தை ஆண்டுக்கு ஒரு வீடு ஏற்று நடத்தும். எர்லிண்டா காத்திருந்து காத்திருந்து, காதோரம் நரை விழத் தொடங்கிய பிறகுதான் அவள் வீட்டுக்கு முறை வந்தது.

அந்த விருந்தின் மேல் அவளுக்கு அத்தனை பிடிவாதம் வரக் காரணம் நாத்தனார் ஹெர்மோஜீனா. மணிலாவில் வாழ்க்கைப்பட்டவள். ஒவ்வொரு தடவை வரும்போதும் சாப்பாட்டு மேசையைப் பார்த்துவிட்டு, "இங்க கருவாடுதான் இருக்கும்னு தெரியும், வழியிலயே சாப்பிட்டுட்டேன்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்தச் சிரிப்பைத்தான் எர்லிண்டாவால் பொறுக்க முடியவில்லை.

பன்றியைக் குட்டியிலிருந்தே அவள்தான் வளர்த்தாள். ஜன்னல்களுக்குப் புதுத் திரை தைத்தாள். திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ரேடியோவில் புயல் என்றார்கள். கணவன் கிரிஸ்புலோ சண்டைச் சேவலைத் தடவிக்கொண்டே, "வடக்க திரும்பிடும். போன தடவையும் இப்படித்தான் பயமுறுத்தினாங்க" என்றான். அவளுக்கும் அதை நம்பத்தான் ஆசை. திருவிழாவுக்கு முந்தைய நாள் விடியற்காலையில் பன்றியை அறுத்தார்கள்.

புயல் திரும்பவில்லை. அன்று மதியம் ஊர்த் தலைவர் அபுந்தியோ வாசலில் வந்து நின்றார். ஊரில் எல்லோருக்கும் அவர் கேப்டன்.

"எர்லிண்டா, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு. உன் வீடுதான் பாக்கி."

"அடுப்புல கறி இருக்கு கேப்டன். இன்னும் வேகல."

"அடுப்பு கிடக்கட்டும். கடல் ரோடு வரைக்கும் வந்தாச்சு, தெரியுதா?"

அரைவேக்காட்டுக் கறிப் பானைகளைக் கிரிஸ்புலோவின் மூணு சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, தன் உடம்பால் மூடியபடி.

பள்ளிக்கூடத்தில் ஊரே அடைந்து கிடந்தது. காற்று கதவுகளை உதைத்தது. பிள்ளைகள் பயத்தில் அழுதார்கள், பிறகு பசியில் அழுதார்கள். கேப்டன் ஒரு பெஞ்சின் மேல் ஏறினார்.

"எல்லாரும் வரிசையில வாங்க. எர்லிண்டா சாப்பாடு கொண்டு வந்திருக்கா."

அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கேப்டன், அது நாளைக்கு விருந்துக்கு."

"நாளைக்கு இந்தக் கூரை இருக்குமான்னே தெரியல. நீ விருந்துங்கற."

பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுப்பது எப்படி? அங்கேயே அடுப்பு மூட்டி இன்னும் கொஞ்சம் வேகவைத்து, அகப்பையால் அள்ளிப் போட்டாள். நோட்டுத் தாளிலும் டப்பா மூடியிலும் வாங்கி, நின்றபடியே தின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி பசித்தா இரண்டாம் தடவை வந்து நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. வினிகர் கொஞ்சம் கம்மி."

அகப்பையை அவள் தலையில் போடாமல் இருக்க எர்லிண்டா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

புயல் ஓய்ந்து வீட்டுக்குப் போனபோது சமையலறை இருந்த இடத்தில் மணல் இருந்தது. கூரையைக் காணோம். புதுத் திரைகளில் ஒன்று தென்னை மட்டையில் சுற்றிக் கிடந்தது. ஊரில் ஒரு உயிரும் போகவில்லை. அதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் ஆத்திரம் அப்படியே இருந்தது.

சாலை திறந்ததும் ஹெர்மோஜீனா அரிசியும் டப்பா மீனும் சுமந்துகொண்டு வந்தாள். எர்லிண்டாவைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதாள். பிறகு, "பாவம் நீ. ஒரு தடவையாவது விருந்து வைக்கணும்னு நெனச்ச, அதுவும் நடக்கல" என்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அதனால் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று. நாத்தனார் கொண்டுவந்த டப்பா மீனையே அவளுக்குச் சுடவைத்துப் போட்டாள்.

புத்தாண்டு கழிந்து, கூரையில்லாத தேவாலயத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

"அடுத்த விருந்து பசித்தா வீடு" என்றார் கேப்டன்.

எர்லிண்டா எழுந்தாள். "என் முறை இன்னும் முடியல."

"முடியலையா? ஊரே உன் கையால சாப்பிட்டுச்சே."

"அது விருந்தா கேப்டன்? ஒருத்தராவது உக்காந்து சாப்பிட்டீங்களா? பூசை நடந்துச்சா, ஒரு பாட்டு உண்டா? என் கறி முழுசா வெந்துச்சா?"

"அவளே வெச்சுக்கட்டும்ப்பா, எனக்கென்ன" என்றாள் பசித்தா. அவள் புருஷன் அவளை முறைத்தான்.

"ஆளாளுக்கு மாத்தினா ஊரு ஊரா இருக்காது. பசித்தா வீட்டுக்குச் சம்மதம்னா கை தூக்குங்க" என்றார் கேப்டன்.

கைகள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று கிரிஸ்புலோவுடையது.

வீடு வரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பின்னாலேயே வந்தான்.

"இன்னொரு பன்னி வளக்க நமக்குத் தெம்பு இருக்கா, சொல்லு."

"நீயா வளத்த?"



கூரைக்குப் பதிலாகக் கட்டியிருந்த தார்ப்பாயின் கீழே போய் நின்று அவள் அவன் பக்கம் திரும்பினாள். "உங்க அக்காவுக்கு ஃபோன் போடு. ஈஸ்டருக்கு வரச் சொல்லு. வீட்டு விருந்து. ஊரு வேணாம், கேப்டன் வேணாம்."

"கூரையே இன்னும் போடலையே."

"மழை இல்லாத மாசம்தான."

அவன் ஃபோனைத் தூக்கிப் பிடித்து முற்றத்தில் இப்படியும் அப்படியும் நடந்தான். "சிக்னல் வரல. டவர் இன்னும் சரி பண்ணலபோல."

"அப்ப டவுனுக்குப் போய்ப் போடு."

அவன் முனகிக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். வண்டி திருப்பத்தில் மறையும்வரை அவள் வாசலை விட்டு நகரவில்லை.