பின்னறைக்குப் போன ஒயர்

என் மாமியாருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. பிறவியிலேயே அப்படி. அவருடைய தங்கையான சின்னத்தைக்கும் அப்படித்தான். கல்யாணமாகி வந்த புதிதில் "ஐயோ பாவம்" என்று நினைத்தேன். அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து கையால் பேசுவதை ஒருமுறை பார்த்தேன். அதோடு அந்தப் பாவம் போயிற்று. அவ்வளவு வாயாடிகளை நான் காது கேட்கிறவர்களில்கூடக் கண்டதில்லை. ஆகவே இங்கே அத்தை சொன்னார் என்று நான் எழுதினால், கையால் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சை நானும் ஓரளவு கற்றுக்கொண்டேன். வேகமாகப் பேசினால் பாதி புரியும். மீதியை முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்வேன்.

சின்னத்தை வேறு ஊரில் தனியாக இருந்தார். ஒரு நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடுகிற வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் அக்காவுக்கு வீடியோ கால் போடுவார். அத்தை எங்கள் வீட்டுப் பின்னறையில் திரைச்சீலை தைக்கிறவர். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தால் உலக வம்பெல்லாம் பேசி முடித்த பிறகுதான் எழுந்திருப்பார். எழுதி அனுப்புவது இரண்டு பேருக்கும் ஒத்துவராது. "நல்லா இருக்கியா?", "இருக்கேன்", அதோடு சரி. எழுத்து அவர்களுக்கு அடுத்தவர் செருப்பு மாதிரி. போட்டுக்கொண்டு நடக்கலாம், ஓட முடியாது.

கொஞ்ச நாளாகப் பின்னறையில் படம் உறைந்து உறைந்து நிற்க ஆரம்பித்தது. நமக்கென்றால் படம் நின்றாலும் குரல் வரும், சமாளித்துக்கொள்ளலாம். அவர்களுக்குப் படம்தான் குரல். கை பாதி வழியில் நின்றால் வார்த்தையும் பாதி வழியில் நிற்கும். முன்னறைக்கு வந்து பேசுங்கள் என்றால் அத்தைக்கு ஆகாது. அங்கே ஜன்னல் முதுகுப் பக்கம் வரும், முகமும் கையும் இருட்டடித்துவிடும். அதோடு திரைச்சீலை வாங்க வருகிறவர்கள் எதிரில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். போன் சிக்னலோ எங்கள் வீட்டு வாசற்படி ஏறும்போதே மூச்சு வாங்கும்.

இப்படி இருக்கும்போதுதான் சின்னத்தை பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஒரு சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தபோதே படம் நின்று, கால் அறுந்துபோனது. மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. "வேலை இருக்கு" என்று ஒரு வரி மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

சாதாரண நாளாக இருந்தால் ஊடல் என்று விட்டிருப்போம். ஆனால் சின்னத்தைக்குக் கண் அறுவைச் சிகிச்சை வைத்திருந்தது. ஒரு கண் ஏற்கெனவே புகை மூட்டம். இன்னொன்றைத்தான் அறுக்கப் போகிறார்கள். கட்டுப் போட்டிருக்கும்போது யார் கையையும் அவரால் பார்க்க முடியாது. யாராவது அவர் உள்ளங்கையைப் பிடித்து, விரலால் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். அப்படிப் பேசத் தெரிந்தவர் அத்தை ஒருவர்தான். அதனால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் செய்துகொண்டு எங்களோடு இருப்பதாக ஏற்பாடு. இப்போது அந்த ஏற்பாடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

அத்தை தைத்த துணியைப் பிரித்துப் பிரித்து மறுபடி தைத்தார். "அவளுக்கு அலுத்துப்போச்சு," என்றார். "நாலு வார்த்தை பேசறதுக்குள்ள நாப்பது தடவை நிக்குது. எத்தனை நாள்தான் பொறுப்பா?"

நான் சின்னத்தையிடம் நேரில் கேட்டிருக்கலாம். ஆனால் அக்கா தங்கைச் சண்டையில் மருமகள் நுழைவது உரலுக்குள் தலையைக் கொடுப்பது மாதிரி. என் கைக்கு எட்டியது வேறொன்று இருந்தது.

"முதல்ல இந்த வைஃபை பெட்டியை மாத்துவோம்," என்றேன்.

லாரியில் வெளியூர் போயிருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "போன வருஷமே சிக்னலை இழுத்துக் குடுக்கிற சாமான் ஒண்ணு வாங்கி மாட்டினேனே?" என்றார். அது பின்னறைச் சுவரில் பச்சை விளக்கோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. விளக்கு எரிந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை.

கடைக்குப் போவதற்கு முன்பு போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து வேகத்தைச் சோதித்தேன். எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். தெருவிலிருந்து லைன் வந்து இறங்குவது முன்னறையில். முன்னறையில் இன்டர்நெட் பாய்ந்தது. சமையலறையில் நடந்தது. பின்னறையில் தவழ்ந்தது.

கடைக்காரருக்குக் கடுமையான சளி. மூக்கைத் துடைத்துக்கொண்டே ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். எட்டுக் கொம்புகள். மல்லாந்து கிடக்கும் கரப்பான்பூச்சி மாதிரி இருந்தது.

"எவ்வளவு பெரிய வீடா இருந்தாலும் இது போதும்மா."

"சுவரைத் தாண்டுமா?"

"என்ன சுவர்?"

"கல் சுவர். நடுவுல ஒரு இரும்பு பீரோ. அதுல ஆள் உயரக் கண்ணாடி."

அவர் கரப்பான்பூச்சியை எடுத்து மறுபடி அலமாரியிலேயே வைத்துவிட்டார். "அப்போ எண்பது கொம்பு வச்சாலும் பிரயோஜனம் இல்ல. இரும்பும் கண்ணாடியும் சிக்னலை வாசலோட திருப்பி அனுப்பிடும்."

வீட்டில் இருக்கும் சாமானைப் பற்றிச் சொன்னேன். "எங்க மாட்டியிருக்கீங்க? பின்னறையிலயேவா?" என்று சிரித்தார். "அது வர்ற சிக்னலை வாங்கி மறுபடி அனுப்புறது. சிக்னலே வராத இடத்துல மாட்டினா? பட்டினி கிடக்கிறவன் வீட்டுக்கு விருந்துக்குப் போன கதைதான்."

பிறகு ஒரே மாதிரி இரண்டு வெள்ளைப் பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று முன்னறைக்கு, ஒன்று பின்னறைக்கு. இரண்டும் சேர்ந்து ஒரே வைஃபை. "காத்துலயே ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். ஆனா உங்க பீரோ இருக்கே, அது நடுவுல நின்னு ஒட்டுக்கேட்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஒயர் இழுத்துட்டா அந்தத் தொல்லையும் இல்ல." தும்மிவிட்டுக் கேட்டார். "எதுக்குங்க? படம் பார்க்கவா?"

"பேசறதுக்கு."

"பேசறதுக்கு இவ்வளவெல்லாம் வேண்டாமே."

"கையால பேசறதுக்கு. என் மாமியாருக்குக் காது கேட்காது."

கைக்குட்டையை மடித்து வைத்தார். "அப்போ ஒயர்தாம்மா. யோசிக்கவே யோசிக்காதீங்க," என்று ஒரு சுருள் ஒயரையும் கை நிறையக் கிளிப்புகளையும் பைக்குள் போட்டார்.

ஏணி ஏறுவது அத்தையின் வேலை. ஊர் வீடுகளிலெல்லாம் திரைச்சீலைக் கம்பி மாட்டுகிறவருக்கு ஏணி நாற்காலி மாதிரி. முன்னறை மூலையிலிருந்து சுவரின் உச்சியோடு ஒயரைக் கொண்டுபோய், சமையலறை வெண்டிலேட்டர் வழியாகப் பின்னறையில் இறக்குவது என்று முடிவு செய்தோம். நான் கீழே நின்று ஒயரை விட்டுக்கொடுத்தேன். வாயில் கிளிப்புகளைக் கவ்விக்கொண்டும் தாராளமாகப் பேசக்கூடியவர் அத்தை. ஆனால் ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் ஒயர் என்று ஆனதும் பேச்சு அடைத்துவிட்டது. நான் தப்பான பக்கம் இழுக்கிறேன், அவருக்கு வைய வேண்டும், கை இல்லை. கடைசியில் குதிகாலால் ஏணியை உதைக்க ஆரம்பித்தார். ஒரு உதை என்றால் விடு. இரண்டு உதை என்றால் இழு. தொடர்ந்து உதைத்தால் என்னைத் திட்டுகிறார் என்று அர்த்தம். ஒயர் பின்னறைக்குப் போய்ச் சேர்வதற்குள் நிறையவே வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

பழைய ரூட்டரைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டிகளை மாட்டியாயிற்று. முன்னறைப் பெட்டியை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் உயரத்தில், வெளியே தெரியும்படி வைத்தேன். போனில் அதற்குரிய ஆப் வைஃபைக்குப் பெயர் கேட்டது. பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே கொடுத்தேன். அப்படிச் செய்தால் வீட்டில் இருக்கிற போன், டிவி எல்லாம் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

விளக்கு மஞ்சளாகச் சிமிட்டியது. பிறகு சிவப்பாகி அப்படியே நின்றது.

அணைத்துப் போட்டேன். சிவப்பு. ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். சிவப்பு. இருந்த அரைகுறை இன்டர்நெட்டும் போயிற்று. எனக்கு வியர்த்துவிட்டது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தேனோ என்று தோன்றியது. அத்தை ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முகம் படிக்கத் தெரியும். எதையும் மறைக்க முடியாது.

லைன் கம்பெனிக்குப் போன் செய்தேன். நிறைய சங்கீதத்துக்குப் பிறகு ஒரு பெண் குரல் வந்தது. நான் நடந்ததைச் சொன்னதும் அந்தப் பெண் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"பயப்படாதீங்க மேடம். சுவத்துல எங்க லைன் பெட்டி ஒண்ணு இருக்குல்ல? அதுக்கு உங்க பழைய ரூட்டர்தான் ஞாபகத்துல இருக்கு. புதுசை உள்ள விட மாட்டேங்குது. லைன் பெட்டியோட கரண்ட்டைப் பிடுங்கிட்டு, கொஞ்சம் பொறுத்துப் போடுங்க. மறந்துடும்."

"என்ன சொல்றா?" என்று அத்தை கேட்டார்.

"லைன் பெட்டி பழைய ஆளையே நினைச்சுக்கிட்டிருக்காம். புதுசா வந்தவளைச் சேர்த்துக்க மாட்டேங்குதாம்."

"ஆம்பளைப் பெட்டியா இருக்கும்," என்றார் அத்தை. அவ்வளவு பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கரண்ட்டைப் பிடுங்கினோம். அத்தை டீ போட்டார். குடித்துவிட்டுக் கரண்ட்டை மறுபடி போட்டோம். லைன் பெட்டி விழித்தது. முன்னறைப் பெட்டியின் சிவப்பு விளக்கு மஞ்சளானது. சிமிட்டியது. வெள்ளையாக நின்றது. நான் பின்னறைக்கு ஓடினேன். அங்கேயும் வெள்ளை. போனை எடுத்துச் சோதித்தேன். பின்னறையில், தையல் மெஷின் பக்கத்தில், இன்டர்நெட் பாய்ந்தது. தலையிலிருந்து ஒரு சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அத்தையிடம் கட்டைவிரலைக் காட்டினேன்.

"சின்னத்தையைக் கூப்பிடுங்க."

அத்தை ஊசியில் நூல் கோத்தார். "எடுக்க மாட்டா. நான் கூப்பிட மாட்டேன்."

வேறு வழியில்லாமல் நானே உரலுக்குள் தலையைக் கொடுத்தேன். என் போனிலிருந்து கூப்பிட்டேன். மருமகள்தானே என்று சின்னத்தை எடுத்துவிட்டார். முகம் வாடியிருந்தது, அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. நான் போனை அத்தை பக்கம் திருப்பி மெஷின் மேல் சாய்த்தேன்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படம் நின்றுவிட்டதோ என்று எனக்கே சந்தேகம். இல்லை, சின்னத்தை கண்ணைச் சிமிட்டினார். பிறகு அவர்தான் ஆரம்பித்தார்.

"நீதானே வராதேன்னு சொன்னே?"

"நானா? எப்போ?"

"அன்னைக்கு. ஆபரேஷனுக்கு வர்றதைப் பத்திப் பேசினோமே. மூஞ்சியைச் சுளிச்சிக்கிட்டு வராதேன்னு சொல்லிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தே. உன் மூஞ்சியை நான் எவ்வளவு நேரம் பார்த்தேன் தெரியுமா? அப்புறம் கட் பண்ணிட்டே."

அத்தை வாயைப் பிளந்தார். பிறகு அவர் கைகள் பறந்தன. எனக்கே நன்றாகப் புரியும்படி, ஒவ்வொரு வார்த்தையாக, காற்றில் ஆணி அடிக்கிற மாதிரி சொன்னார்.

"தனியா பஸ்ல வராதேன்னு சொன்னேன்டி! கண்ணு தெரியாம எங்கயாவது மாறி இறங்கிடுவே. என் பையன் லாரியை விட்டுட்டு கார்ல வந்து கூட்டிட்டு வருவான்னு சொன்னேன். அதைச் சொல்றதுக்குள்ள இந்தச் சனியன் நின்னு போச்சு!"

அங்கே ஒரு கை மெல்ல மேலே எழுந்து வாயைப் பொத்தியது. சின்னத்தையின் கண்களில் நீர் நிறைந்தது. "நான் உங்களுக்குப் பாரம்னு நினைச்சேன்," என்றார். "இங்கயே தனியா பண்ணிக்கலாம்னு கையெழுத்துப் போடப் போனேன். கட்டுப் போட்ட பிறகு இருட்டுல யாருமே தொடாம கிடக்கணுமேன்னு பயமா இருந்தது. திரும்பி வந்துட்டேன்."

அத்தை கண்ணைத் துடைக்கவில்லை. துடைக்கப் போனால் கை வேண்டுமே. அழுதுகொண்டே திட்டினார், திட்டிக்கொண்டே சிரித்தார். எதிர்ப் பக்கமும் அதே கதை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் நைசாக எழுந்து சமையலறைக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"பெட்டி வேலை செய்யுதா?" என்றார்.

"செய்யுது. நீங்க லீவு சொல்லிட்டு வாங்க. சின்னத்தையைக் கூட்டிட்டு வரணும்."

"கோபம் தீர்ந்துச்சா? என்ன கோபமாம்?"

"பாதி வார்த்தைக்குக் கோபம்," என்றேன். பின்னறையிலிருந்து கையும் கையும் தட்டுகிற சத்தமும், இரண்டு பேரின் அடக்க முடியாத சிரிப்பும் வந்துகொண்டே இருந்தன.

சின்னத்தை வந்தார். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டோடு படுத்திருந்தபோது அத்தை அவர் உள்ளங்கையை விடவே இல்லை. சாப்பாடு வந்ததா, நர்ஸ் என்ன சேலை, பக்கத்துக் கட்டில்காரியின் மருமகன் எப்படி முழிக்கிறான், எல்லாமே விரல் வழியாகப் போய்ச் சேர்ந்தது. சின்னத்தை படுத்தபடியே குலுங்கிச் சிரித்ததற்கு டாக்டரிடம் இருவரும் வசவு வாங்கினார்கள்.

கட்டைப் பிரித்த காலையில் நானும் போயிருந்தேன். சின்னத்தை கண்ணை மெல்லத் திறந்து, வெளிச்சத்துக்குச் சுருக்கி, அக்காவின் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரியுதா?"

சின்னத்தை கைகளை உயர்த்தினார். "நல்லாத் தெரியுது. எவ்வளவு நரைச்சிட்டே! மை அடிக்கக் கூடாதா?"