எருமையை மலை இறக்கிய நாள்

அவள் கணவர் இறந்துபோய்ப் பதினோரு மாதமாக அவருடைய மோட்டார் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. கறுப்பு நிறம், நல்ல கனம், மனம் வைத்தால்தான் நகரும். அதனால் அவர் வைத்த பெயர் எருமை. வாரம் ஒருமுறை போர்வையை விலக்கித் துடைத்துவிட்டு மறுபடி போர்த்துவாள். ஓட்டத்தான் ஆளில்லை. பைக் லைசென்ஸ் அவளிடமும் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் தன் டிரைவிங் ஸ்கூலில் மிரட்டி உருட்டி வாங்கிக் கொடுத்தது. வாங்கிய கையோடு அதைப் பீரோவில் வைத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தவள்தான். கல்யாணமானதிலிருந்து கணக்குப் பார்த்தால் இருபத்திரண்டு வருஷம் பின்சீட்டு.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மெக்கானிக் வண்டியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவளும் சரி என்றுவிட்டாள். நின்ற இடத்தில் துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, யாராவது ஓட்டட்டும்.

"அண்ணனோட வண்டிய லாரியில ஏத்தி அனுப்ப எனக்கு மனசு வரல. நானே ஓட்டிட்டு வரேன். நீங்க பின்னாடி உட்காருங்க அண்ணி," என்றாள் நாத்தனார்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் தன்னிடம் பாடம் படிக்க வந்தவர்கள் என்ற நினைப்பு. "இண்டிகேட்டர் எதுக்குய்யா வச்சிருக்கான், அழகுக்கா?" என்று லாரியைத் திட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாய்வதற்கு ஒரு நொடி முன்பே பின்சீட்டு சாய்ந்தது.

"என்ன அண்ணி, எனக்கு முன்னாடியே சாயுறீங்க?"

"எத்தனை தடவை வந்த ரோடு இது. இந்த வளைவெல்லாம் என் இடுப்புக்குத் தெரியும்டி."

உச்சியில் ஒரு டீக்கடை. குடித்துவிட்டு நாத்தனார் கிக்கரை மிதித்தாள். எருமைக்கு ஒரு குணம்: சூடாக இருக்கும்போது ஓங்கி மிதித்தால் திருப்பி அடிக்கும். அடித்தது. "அம்மா!" என்று வலது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கணுக்கால் கண்ணெதிரே பன் மாதிரி வீங்கியது.

"பிரேக்கே இந்தக் காலுலதான் அண்ணி. இனி நீங்கதான் ஓட்டணும்."

"விளையாடுறியா?"

"இறக்கம்தான். கிக்கர் வேண்டாம், உருட்டிவிட்டு ரெண்டாவது கியர்ல கிளட்சை விட்டா போதும். மத்தியானமானா மூடுபனி இறங்கிடும், அப்புறம் யாரும் ஓட்ட முடியாது. லைசென்ஸ் கொண்டாந்தீங்கல்ல?"

கொண்டுவந்திருந்தாள். ஏன் எடுத்து வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ஏறி உட்கார்ந்தாள். நாத்தனார் நொண்டியபடியே அவளுக்குப் பின்னால் ஏறினாள். முன்னால் இருந்தவள் கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்தாள். கால் பிரேக்குக்கு எட்டவில்லை. கட்டைவிரல் நுனிதான் தொட்டது.

"எட்டலையே."

"எப்படி எட்டும்? நான் இங்க கேரியர் கம்பி மேல குந்திட்டு இருக்கேன். முன்னாடி தள்ளி உட்காருங்க. அங்க இன்னொரு ஆள் உட்கார்ற அளவுக்கு இடம் விட்டு..."

நாத்தனார் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். டேங்குக்கும் அவளுக்கும் நடுவில், சரியாக ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அவள் அறிந்து விட்டதல்ல. உடம்பு தானாக விட்டிருந்தது. டேங்கின் இரண்டு பக்கமும் அவர் முழங்கால் உரசி உரசி மங்கிப்போன தடம் வெயிலில் தெரிந்தது.



"அவசரமில்ல அண்ணி," என்றாள் நாத்தனார். அப்படி ஒரு தணிந்த குரல் அவளிடம் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

அவள் முன்னால் நகர்ந்தாள். முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். டேங்க் வெயிலில் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. அவள் முழங்கால்கள் அந்தத் தடத்துக்கு இரண்டு விரல் கீழே பொருந்தின. பாதம் பிரேக்கில் முழுதாகப் பதிந்தது.

எருமை உருண்டது. கிளட்சை விட்டதும் ஒரு குலுங்கு குலுங்கி உயிர் வந்தது.

முதல் வளைவு வந்தது. இடுப்பு சாய்ந்தது, வண்டியும் கூடவே சாய்ந்தது. பின்னால் டக் டக் என்று சத்தம். நாத்தனார் நல்ல காலால் ஃபுட்ரெஸ்டை மிதித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூல் காரில் தன் பக்கம் இருக்கும் பிரேக்கை மிதித்துப் பழகிய கால் அது.

"அங்க பிரேக் இல்லடி!"

"தெரியுது! கால் கேட்க மாட்டேங்குது!"

அவள் சிரித்தாள். பதினோரு மாதத்தில் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வளைவில் நாத்தனார் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் தான் பிடித்தபோது அவர் தோளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், கனமாக, ஆனால் கூசாமல் என்று தோன்றியது.

மெக்கானிக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள்.  மெக்கானிக் துணியில் கை துடைத்தபடி வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பேப்பர் எல்லாம் கொண்டாந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

பேப்பர் பையில்தான் இருந்தது. அவள் பையைத் திறக்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க, விக்கிறதா இல்லை. முதல்ல இவ காலுக்குக் கொஞ்சம் ஐஸ் கொடுங்க," என்றாள். "அப்புறம் கிக்கரைப் பாருங்க. நாளைக்குத் திரும்ப மலை ஏறணும்."

நாத்தனார் ஒற்றைக் காலில் நின்றபடி, "அப்ப நான் எங்க உட்காருறது?" என்றாள்.

"பின்னாடிதான்."