இடது கண்ணாடியில் ஒரு கட்டைவிரல்

‘மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு தெரியவந்தது. படம் எடுக்கும் முன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டேன். அழுக்கும் பாடத்தில் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவில்லை.’

மாலை வகுப்பு முடிந்து வந்ததும் அவள் நோட்டில் எழுதியது இவ்வளவுதான். பகலில் மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை. மாலையில், கம்ப்யூட்டரில் ஒரு பொருளை ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்கி, பார்ப்பவர் புகைப்படம் என்று நம்பும்படி செய்கிற படிப்பு. இந்த மாதப் பயிற்சி, வீட்டில் புழங்கிய பொருள் ஏதாவது ஒன்று. அவள் அம்மாவின் கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். அம்மா போய் எட்டு மாதமாகிறது. கண்ணாடி தையல் மெஷின் இழுப்பறையில் கூட்டோடு அப்படியே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா வெளியே போயிருந்த நேரத்தில் அதை ஜன்னலோரம் வைத்து இருபத்திரண்டு படம் எடுத்தாள். ஃபிரேமின் வளைவை அளந்தாள். காதில் மாட்டும் கம்பியின் நுனி வெளுத்திருந்ததைக்கூட விடவில்லை. அப்படியும் திரையில் வந்தது உயிரில்லாமல் நின்றது.

“கடையிலேர்ந்து இப்பதான் வாங்கிட்டு வர்றியாம்மா? விலைச் சீட்டு ஒண்ணுதான் குறை,” என்றார் சார்.

எதைச் செய்தாலும் மேலே தூசி தூவுவதால் ‘தூசி’ என்றே பேர் வாங்கிவிட்டவன் பின்வரிசையிலிருந்து, “கைமாத்தா கொஞ்சம் தூசி தரவா?” என்றான். வகுப்பே சிரித்தது.

“சிரிக்காதீங்கப்பா, அவன் செய்யறதுல பாதி சரிதான். கை பட்ட பொருள்ல கை தெரியணும். எங்க பிடிப்பாங்க, எங்க தேயும்? அதை யோசி, தானா வரும்.”

அம்மா எங்கே பிடிப்பாள் என்பது அவளுக்குத் தெரியாதா? தைத்துக்கொண்டே, கம்பியைத் தொடாமல், இடது கண்ணாடியையே கட்டைவிரலால் கவ்விக் கழற்றுவாள். “ஏம்மா, பிடிக்க வேற இடமே கிடைக்கலையா?” என்று தினமும் திட்டுவதும், திட்டியபடியே தன் சட்டை நுனியால் துடைத்துக் கொடுப்பதும் மகளின் வேலை. ஞாயிறன்றும் கை தன் வேலையைத் தானே செய்துவிட்டது. துடைத்தது அவளுக்கு உறைக்கக்கூட இல்லை.

புதன்கிழமை வகுப்பில்லை. வேலையிலிருந்து வந்ததும் கட்டைவிரலில் கொஞ்சம் க்ரீம் தடவி ஒரு கண்ணாடித் துண்டில் அழுத்தினாள். அந்த ரேகையைப் படமெடுத்து, திரையில் இருந்த இடது கண்ணாடியில் ஒட்டி, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழச் செய்தாள். அவ்வளவுதான்; அம்மா இப்போதுதான் கழற்றி வைத்துவிட்டு வாசல் கதவைத் திறக்கப் போயிருக்கிறாள் என்று சொல்லலாம் போலிருந்தது. நிஜமாகவே நன்றாகத்தான் இருக்கிறதா, தனக்கு மட்டும் அப்படித் தெரிகிறதா என்று சந்தேகம் வந்தது. அப்பாவைக் கூப்பிட்டாள்.

அப்பா ஈரக் கையோடு வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

“போட்டோவா?”

“இல்லப்பா. நான் செஞ்சது.”

அவர் குனிந்து முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “விரல் யாரோடது?”

“என்னோடது.”

“அதானே பாத்தேன். உங்கம்மாவுக்குக் குறுக்க ஒரு கோடு இருக்கும். கத்திரிக்கோல் வெட்டினது.”

“அதெல்லாம் ஞாபகம் இருக்காப்பா?”

“ஞாபகம் எதுக்கு? கண்ணாடியிலேயே இருக்கே. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப கழட்டி வெச்சா இல்ல, அப்பப் பதிஞ்சது. திறந்து திறந்து பாத்தா அழிஞ்சிடுமோன்னு நான் கூட்டைத் தொடறதே இல்ல. இரு, காட்டறேன்.”

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டுவிட்டது. அப்பா கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, கம்பி நுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, கண்ணாடியை விளக்குக்கு நேரே தூக்கினார். சாய்த்தார். திருப்பினார். மறுபடி சாய்த்தார்.

“நான் துடைச்சிட்டேன்பா. ஞாயித்துக்கிழமை. பழக்கத்துல கை...”

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. எங்காவது ஒளிந்துகொண்டிருக்கும் என்பதுபோல இன்னொரு தரம் பார்த்தார்.

“நீதானே எப்பவும் துடைச்சுக் குடுப்ப,” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கண்ணாடியைக் கூட்டில் வைத்து மூடிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் கட்டைவிரலை நீட்டி, அதில் மறுகை நகத்தால் ஒரு கோடு கிழித்தார். “நேரா இருக்காது. இப்படிச் சாய்வா.” வெள்ளையாக எழும்பிய கோடு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிப் போனது. அவர் தன் விரலையே பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கமாக இன்னொரு கோடு கிழித்தார்.

“இல்ல, இந்தப் பக்கமோ?”

அதுவும் மங்கியது.

‘மார்ச் 12, புதன். நேற்று எழுதியதில் “சின்ன” என்ற சொல்லை அடித்துவிட்டேன். நாளை: வெட்டுக் கோட்டை இடப்பக்கம் சாய்த்து ஒரு படம், வலப்பக்கம் சாய்த்து ஒரு படம். இரண்டையும் அப்பாவிடம் காட்ட வேண்டும்.’